பதினொன்றாவது தோட்டா

சத்தம் தப்பாக இருந்தது.

ஹாலிஸ் ப்ராண்ட்வோல்டுக்கு அது முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. முப்பது வருடமாக ரைஃபிள் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய காது. நல்ல ரைஃபிள் சுட்டால், காய்ந்த விறகைக் கோடாலி பிளந்த மாதிரி ஒரே வெட்டாகக் கேட்கும். இது அப்படி இல்லை. இறுக மூடிய டின்னை நெருப்பில் போட்ட மாதிரி...

அதுவும் பக்கத்து மேடையில்.

டெல்மர் க்விக் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த மேடையில்!

"நிறுத்துங்க! போல்ட்டைத் திறந்து வச்சுட்டு எல்லாரும் கையை எடுங்க!"

ஒலிபெருக்கியில் போட்டிப் பொறுப்பாளரின் குரல் உடைந்தது. பதினேழு ரைஃபிள்கள் ஊமையாயின.

ஹாலிஸ் காதுக் கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான்.

டெல்மர் மல்லாந்து கிடந்தான். ரைஃபிளின் மரக்கட்டை மூன்றாகப் பிளந்திருந்தது. தோட்டா அறையை அடைக்கும் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடத்தை ஹாலிஸ் பார்க்க விரும்பவில்லை.

"டெல்மர்... டேய்... என்னைப் பாருடா."

டெல்மரின் இடது கண் பார்த்தது. அதில் வலியைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, எங்கே என்று யோசிக்கிறவனின் கண்.

யோசித்து முடிப்பதற்குள் அந்தக் கண் நின்றுபோனது.

பக்கத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா திறந்து கிடந்தது. ஐம்பது குழிகள். பதினொன்று காலி. மிச்சம் முப்பத்தொன்பது தோட்டாக்கள், பித்தளைப் பளபளப்போடு வரிசையாக நின்றன.

"யார் நிரப்பின தோட்டா இது?" பொறுப்பாளர் மூச்சிரைக்கக் கேட்டார்.

ஹாலிஸ் நிமிர்ந்தான்.

"நான்."

பொறுப்பாளர் ஓரடி பின்வாங்கினார்.

சுடுதள வாசலில் ஒரு பலகை உண்டு. 'அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதீர்.' கிளப்பின் பாதுகாப்பு அலுவலர் தன் கையால் பெயிண்ட் அடித்து மாட்டியது.

பாதுகாப்பு அலுவலரின் பெயர் ஹாலிஸ் ப்ராண்ட்வோல்ட்.

*

அந்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஹாலிஸ் வீட்டின் நிலவறை.

ஷெரிஃப் அலுவலகத்தின் துப்பறிவாளர் வாண்டா ஸ்டப்ஸ் படியிறங்கி வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, விசிலடித்தாள்.

"எங்க வீட்டு சமையலறை இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்ல, ஹாலிஸ்."

நாற்பது வயது. கல்யாணம், விவாகரத்து இரண்டையும் ஒரே வருடத்தில் முடித்தவள். மொன்டானாவின் இந்தச் சின்ன ஊரில் எல்லாரையும் போல ஹாலிஸுக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"உட்காரு, வாண்டா."

"நின்னுக்கிறேன். நீங்க எப்படித் தோட்டா நிரப்புவீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி."

"சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைக் கழுவி, அளவுக்குக் கொண்டு வந்து, அடியில தீப்பொறி குடுக்கிற புதுக் கேப்பு வைப்பேன். வெடிமருந்தை ஒவ்வொண்ணா தராசுல நிறுத்துப் போடுவேன். ஐம்பதும் போட்டதும் லைட் அடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பார்ப்பேன். ஒண்ணுல மட்டம் கூடக் குறையத் தெரிஞ்சா, ஐம்பதையும் கொட்டிட்டு முதல்ல இருந்து. அப்புறம்தான் மேல குண்டை வச்சு அழுத்துவேன்."

"ரேடியோ? டிவி?"

"கிடையாது. போன் கூட மேலதான் இருக்கும். மேஜை மேல ஒரு நேரத்துல ஒரு மருந்து டப்பாதான்."

"டெல்மருக்கும் நீங்கதான் நிரப்புவீங்களா?"

"பன்னெண்டு வருஷமா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி ரைஃபிள் வாங்கினோம். வியாழக்கிழமை நூறு தோட்டா நிரப்பினேன். ரெண்டு டப்பா. வெள்ளிக்கிழமை ஒண்ணை அவன்கிட்ட குடுத்தேன்."

"டப்பா மேல பேர் எழுதுவீங்களா?"

"தேதி மட்டும். எல்லாம் ஒரே சரக்கு. பேர் எதுக்கு?"

வாண்டா குறிப்பேட்டில் எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"இத்தனை வருஷத்துல தப்பு நடந்திருக்கா?"

ஹாலிஸ் வலது கையை மேஜை மேல் நீட்டினான்.

கை நடுங்கியது. சின்ன நடுக்கம்தான். காற்றில்லாத அறையில் இலை ஆடுவது போல...

வாண்டாவின் பேனா நின்றது.

"எப்ப இருந்து?"

"ஒன்றரை வருஷம். இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொல்லிட்டார். நோரீனுக்குத் தெரியும். டெல்மருக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

"கிளப்புக்கு?"

"சொன்னா துப்பாக்கியை வாங்கி வச்சிருவாங்க. வாங்கி வச்சிருக்கணும்." அவன் குரல் தரையைத் தொட்டது. "நான்தான் கொன்னேன், வாண்டா. எழுதிக்க. சின்ன வயசுல இருந்து எனக்கு இருந்த ஒரே நண்பனை நானே கொன்னுட்டேன்."

நிலவறைப் படியில் நோரீன் நின்றிருந்தாள். ஹாலிஸின் மனைவி. ஐம்பது வயதிலும் ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்கும் முகம். அன்று அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"காபி போடட்டுமா?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்வதற்குள் திரும்பி ஏறிப்போய்விட்டாள்.

*

திங்கட்கிழமை காலை. ஓட்டிஸ் பெல்கியின் துப்பாக்கிப் பட்டறை.

எழுபது வயது. ஒரு காது செவிடு. மற்றக் காதும் தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும். சிதறிப்போன ரைஃபிளை மேஜையில் பரப்பி வைத்திருந்தார் ஓட்டிஸ்.

"ரைஃபிள் மேல குத்தம் இல்ல. நல்ல இரும்பு, நல்ல வேலை. உள்ள வந்த அழுத்தம்தான் தாங்க முடியாத அழுத்தம்."

"மருந்து கூடிப்போச்சா?" வாண்டா கேட்டாள்.

"அதுதான் எனக்கு இடிக்குது. இவன் போடற ரைஃபிள் மருந்து கூட்டையே கிட்டத்தட்ட நிரப்பிரும். ரெண்டு மடங்கு போட்டா வெளிய வழியும். குருடனுக்குக் கூடத் தெரிஞ்சிரும்." வாண்டா சொல்லி விஷயம் தெரிந்திருந்த ஓட்டிஸ் ஹாலிஸைப் பார்த்தார். "நடுங்கற கைக்காரனுக்கும் தெரிஞ்சிரும்."

"மிச்சத்தை உடைச்சுப் பாருங்க."

ஓட்டிஸ் ஒரு தோட்டாவைக் குண்டு கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் மாட்டினார். மரக்கட்டையில் ஓங்கி ஒரு தட்டு. குண்டு கழன்றது. மருந்தைக் கிண்ணத்தில் கொட்டினார். கரும்பழுப்பில் குட்டிக் குட்டிக் குச்சிகள்.

"சரியா இருக்கு."

இரண்டாவது. சரி.

பத்தாவது. சரி. தராசில் வைத்தார். முள் முனையளவு கூட வித்தியாசம் இல்லை.

"கை நடுங்கினாலும் மனுஷன் எப்படி நிறுத்திருக்கான் பாரு," என்று முணுமுணுத்தார்.

ஹாலிஸ் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தான். ஒன்றிலாவது தப்பு கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் போதும். தண்டனை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடலாம்.

இருபத்தி நாலாவது தோட்டா.

தட்டு. கிண்ணம்.

ஓட்டிஸின் கை அப்படியே நின்றது.

குச்சிகள் இல்லை. தட்டையான சாம்பல் நிறச் செதில்கள்... மீன் செதிலைப் பொடித்த மாதிரி.

"இது என்ன?" வாண்டா குனிந்தாள்.

"கைத்துப்பாக்கி மருந்து. சட்டுனு எரியும். ரிவால்வர்ல சிட்டிகை போதும். இதை ரைஃபிள் கூட்டுல நிரப்பினா தோட்டா இல்லம்மா அது. குண்டு வெடிப்பு."

"ஹாலிஸ், உங்ககிட்ட இந்த மருந்து..."

"கிடையாது." ஹாலிஸின் உதடு காய்ந்திருந்தது. "என்கிட்ட கைத்துப்பாக்கியே கிடையாது. ரெண்டு மருந்து மாறிரக் கூடாதுன்னுதான் அந்த ஜாதியையே வீட்டுக்குள்ள விடறதில்ல."

ஓட்டிஸ் கழன்ற கூட்டைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோ பாரு. வாயோரம் உள்நோக்கி நசுங்கியிருக்கு. கருவியைக் கொஞ்சம் கீழ இறக்கி வச்சு அழுத்தினா இப்படி வரும். மத்த இருபத்தி மூணுலயும் இது இல்ல." பெருமூச்சு விட்டார். "இது உன் கை வேலை இல்ல, ஹாலிஸ். வேற எவனோ உடைச்சு, மருந்தை மாத்தி, திரும்ப மூடியிருக்கான்."

மிச்சத்தையும் உடைத்தார்கள். எல்லாம் சரி. ஐம்பதில் இரண்டுதான் விஷம். ஒன்று டெல்மரின் உயிரைக் குடித்தது. மற்றது கிண்ணத்தில் கிடந்தது.

"நீங்க கொலைகாரர் இல்ல," என்றாள் வாண்டா.

ஹாலிஸுக்கு நிம்மதி வரவில்லை. கிண்ணத்தில் கிடந்த செதில்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து அந்த டப்பா டெல்மர் வீட்டுல இருந்திருக்கு," வண்டியை ஓட்டிக்கொண்டே வாண்டா சொன்னாள். "யாரோ புகுந்து மாத்தியிருக்கணும். அவன் கேரேஜைப் பார்க்கணும். எது எந்தக் கருவின்னு எனக்கு விளங்காது. அதான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

டெல்மர் தனிக்கட்டை. சாவி ஹாலிஸிடம் இருந்தது. இத்தனை வருடமாக ஒருவர் வீட்டுச் சாவி மற்றவர் வளையத்தில்தான்.

கேரேஜில் மான் கொம்புகள். மீன் தூண்டில்கள். மூலையில் ஒரு மேஜை. மேஜையில் தோட்டா அழுத்தும் எந்திரம்.

"டெல்மரும் நிரப்புவாரா?"

"ரிவால்வர் தோட்டா மட்டும். ரைஃபிளுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது. அதனாலதான் நான்..."

ஹாலிஸ் நின்றுவிட்டான்.

எந்திரத்தில் மாட்டியிருந்த அச்சு ரிவால்வர் அச்சு இல்லை. ரைஃபிள் அச்சு. புத்தம் புதுசு. பக்கத்தில் திறந்த மருந்து டப்பா. மூடியில் சாம்பல் செதில்கள் ஒட்டியிருந்தன.

குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள் வாண்டா. காகிதத் துண்டுகள், காபி வடிகட்டித் தாள். கடைசியாகத் தரையில் சிதறியது... குட்டிக் குட்டிக் குச்சிகளாக, சரியாக இரண்டு தோட்டா அளவு, ஒரு கரண்டி மருந்து.

ஹாலிஸ் நிறுத்துப் போட்ட மருந்து.

"வெளியாள் இல்ல." வாண்டா மெல்லச் சொன்னாள். "அவரே செஞ்சது."

"தற்கொலையா?" ஹாலிஸ் ஆசையோடு கேட்டான். ஆம், ஆசையோடுதான்.

"அந்த ஆணியில தொங்குறது என்ன?"

"அவன் ரிவால்வர்."

"சாகறதுக்கு அது போதாதா? இவ்வளவு மெனக்கெட்டுப் புது அச்சு வாங்கி, ரெண்டே ரெண்டு தோட்டா பண்ணி, அதை நாற்பத்தெட்டு நல்ல தோட்டாக்குள்ள ஒளிச்சு வச்சு..." அவள் திரும்பினாள். "விபத்து மாதிரி தெரியணும். நிரப்பினவன் கை நடுங்கித் தப்பு பண்ணிட்டான்னு ஊர் நம்பணும். நிரப்பினவனே சாகணும். இதை யாருக்காகப் பண்ணியிருப்பார், ஹாலிஸ்?"

ஹாலிஸ் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அது எப்போதும் அவன் உட்காருகிற முக்காலி.

"எனக்காக."

"ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு டப்பாவும் எங்க இருந்துச்சு?"

"எங்க சமையலறையில. அவன் காலைச் சாப்பாட்டுக்கு வந்தான். ரெண்டு பேர் பையும் கதவோரம் இருந்துச்சு."

"அங்க வேற யார் இருந்தாங்க?"

அவன் முக்காலியை விட்டு எழுந்து கதவை நோக்கி நடந்தான். அவளும் மறுபடி கேட்கவில்லை.

*

"அஞ்சு நிமிஷம் குடு, வாண்டா."

"கதவைத் திறந்தே வைங்க."

நோரீன் சமையலறையில் நின்றிருந்தாள். மேஜை நிறைய அலுமினியத் தாள் மூடிய பாத்திரங்கள். அக்கம்பக்கத்தார் துக்கத்துக்குக் கொண்டுவந்தவை. ஒன்றும் திறக்கப்படவில்லை.

ஹாலிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"டெல்மரோட குப்பைக் கூடையில என் மருந்து கிடந்தது, நோரீன்."

அவள் ஒரு பாத்திரத்தின் தாளை இன்னும் இறுக்கி மூடினாள்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம்," என்றாள் நோரீன். பொய் சொல்லிக் களைத்துப் போனவளின் குரல்.

"விட்டுட்டுப் போயிருக்கலாமே. நான் தடுத்திருக்க மாட்டேன்."

"கை நடுங்கற புருஷனை விட்டுட்டு அவன் நண்பனோட போனேன்னு ஊர் காறித் துப்பும். நீ செத்தா..." பாத்திரங்களைக் காட்டினாள். "இதைக் கொண்டு வந்து குடுத்து, கட்டிப் பிடிச்சு அழுவாங்க."

"இன்னும் இருபது வருஷம் எனக்கு ஊட்டி விடணுமேன்னு பயந்துட்டியா?"

"பயந்தேன்." அவள் மறைக்கவில்லை. "மருந்து மாத்தினது அவன். டப்பாவை மாத்த வேண்டியது என் வேலை. நீங்க ரெண்டு பேரும் ரைஃபிளை எடுத்துக்கிட்டு டிரக்குக்குப் போனீங்களே... அப்ப மாத்தினேன். அவன் பையில இருந்ததை எடுத்து உன் பையில வச்சேன். உன்னுதை அவன் பையில வச்சேன்."

"அப்படின்னா நான்தானே செத்திருக்கணும்?"

"அதுதானே!" நோரீனின் குரல் கிறீச்சிட்டது. "நீ கண்டுபிடிச்சுத் திருப்பி மாத்திட்டேன்னு நினைச்சேன். நேத்துல இருந்து உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ போட்ட காபியைக் கூட ஊத்திட்டேன். சொல்லு, நீதானே மாத்தினே?"

"நான் அந்தப் பைகளைத் தொடவே இல்ல."

"அப்ப யாரு?"

"டெல்மர்," என்றது வாசல் பக்கத்துக் குரல்.

வாண்டா உள்ளே வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன்.

"டெல்மரோட போன். இப்பதான் ஆபீஸ்ல பூட்டைத் திறந்து வண்டிக்குக் கொண்டு வந்து குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது நாற்பதுக்கு, சுடுதளத்துல இருந்து, உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கார். அங்க டவர் கிடையாது. போய்ச் சேரல. படிக்கட்டுமா?"

நோரீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

வாண்டா ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"'சனிக்கிழமை நீ அழுததைப் பார்த்தேன். உனக்கு மனசு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால நீ தட்டு கழுவும்போது நானே டப்பாவை மாத்திட்டேன். நீ எதையும் தொட்டிருக்க மாட்டேன்னு நம்பறேன். மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்.'"

நோரீன் ஹாலிஸைப் பார்த்தாள்; அவன் பைகள் இருந்த கதவோரத்தைப் பார்த்தான்.

"அவர் ஒரு தடவை மாத்தினார். அது சரியான இடத்துக்குப் போச்சு. பின்னாடியே நீங்க ஒரு தடவை மாத்தினீங்க." வாண்டா உறையை மடித்தாள். "புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயிருச்சு. ஹாலிஸ் பக்கத்துலயே இருந்ததால நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லிக்க முடியல."

நோரீன் மெதுவாகத் தரையில் சரிந்தாள்.

"நானா? நானா அவனைக் கொன்னேன்?"

அழ ஆரம்பித்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படி அழுது ஹாலிஸ் பார்த்ததில்லை. அவன் தகப்பன் செத்தபோது அழவில்லை. அவர்களுக்குப் பிள்ளை தங்காமல் போனபோது கூட இப்படி அழவில்லை.

உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவனுக்காக அதில் ஒரு சொட்டு கூட இல்லை.

ஹாலிஸ் எழுந்துபோய்க் கைக்குட்டைத் தாள் பெட்டியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். பழக்கதோஷம். பெட்டி அவன் கையில் கடகடவென்று ஆடியது.

"அது என் தப்பாவே இருந்திருக்கலாம், வாண்டா," என்றான். "என் தப்பா இருந்திருந்தா, எனக்கு ஒரு நண்பன் இருந்தான்னாவது மிஞ்சியிருக்கும். ஒரு பொண்டாட்டி மிஞ்சியிருப்பா."

வாண்டா கைவிலங்கை எடுத்தாள்.

*

நோரீனை வண்டியில் ஏற்றிவிட்டு வாண்டா திரும்பி வந்தபோது, ஹாலிஸ் நிலவறையில் இருந்தான். தராசைத் துணியால் மூடிக்கொண்டிருந்தான். மருந்து டப்பாக்கள் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன. சுவரில் ரைஃபிள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ரைஃபிள் எங்க?" அவள் குரலில் அவசரம்.

"படிக்கட்டுல வச்சிருக்கேன். நீயே எடுத்துட்டுப் போயிரு. தோட்டாவையும். இந்தக் கைக்கு இனி அது வேண்டாம். இந்த வீட்டுக்கும் வேண்டாம்."

எதற்காக வேண்டாம் என்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பேசாமல் ரைஃபிளை எடுத்தாள். போல்ட்டைத் திறந்து காலிதான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"ஒரு கையெழுத்து வேணும், ஹாலிஸ். பாதிக்கப்பட்டவர் படிவம். பேர், விலாசம் எல்லாம் நானே நிரப்பிட்டேன். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவங்க'ன்னு ரெண்டு பேர் பேர் கேட்கறாங்க. யாரைப் போடட்டும்?"

ஹாலிஸ் பேனாவை வாங்கினான். கை நடுக்கம் நிற்கிற வரை பொறுத்தான். நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ரெண்டு பேர் இருந்தாங்க, வாண்டா. ஒருத்தன் பிணவறையில இருக்கான். இன்னொருத்தி உன் வண்டியோட பின்சீட்டுல இருக்கா... சீக்கிரம் போய் ஹீட்டரைப் போடு, அவளுக்குக் குளிர் ஆகாது."